பூசைக்குப் போக முடியாத கால்கள்



சென்ற இதழுக்குப் பிறகு ஒரு சகோதரி ரெலிபோனில் கேட்ட கேள்வியை வைத்தே இம்முறை எழுதுகிறோம். அவர் ஜேர்மனிக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. கணவரின் தாயார் முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருப்பவர். "மாமி போன மாரியில விழுந்த பிறகு பூசைக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறா. வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போறதோ, இல்லாட்டி அவவின்ர பாட்டில விடுறதோ?"

வற்புறுத்தவும் வேண்டாம், பாட்டில் விடவும் வேண்டாம் என்று சொன்னோம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தால் அது பதிலாகாது. இதே கேள்வி பல வீடுகளில் இருப்பதும் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் அப்பு, ஆச்சிமாரின் விசுவாசம் காலில் இருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. விடியப்புறம் கோயில் மணி அடித்தால் இருட்டோடு இருட்டாக நடந்து போவார்கள். தபசுகாலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை. பதினான்கு தலம், பதினான்கு தரம் முழந்தாள். ஆவணித் திருவிழாவுக்கு மடு. மாட்டு வண்டிலில் சட்டி பானையை ஏற்றிவிட்டு, ஆட்கள் காட்டு வழியே நடந்த கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் முழந்தாளில் நடந்து நேர்த்தி தீர்ப்பார்கள். வாயால் செபித்தது பாதி, காலால் செபித்தது பாதி. இப்படி வாழ்ந்த ஒருவருக்கு நடை தளரும்போது, தனக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருந்த வழியே அடைபட்டுப் போனது போலத் தோன்றுகிறது.

1983 யூலைக்குப் பிறகு முப்பது, நாற்பது வயதில் இங்கு வந்து சேர்ந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். இந்த நாட்டில் வயதாகும் எமது முதல் தலைமுறை அவர்கள்தான். எப்படி வயதாவது என்று காட்டித்தர அவர்களுக்கு முன்னால் இங்கே யாரும் இருக்கவில்லை. ஊரில் முதுமை என்றால் விறாந்தை, முற்றம், வேலிக்கு மேலால் கூப்பிட்டால் குரல் கொடுக்கும் அயல். இங்கே மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, மார்கழியில் பின்னேரம் நாலரைக்கே இருட்டு, வாசலில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி.

ஆகவே முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். "கால் ஏலாது" என்பார்கள். அதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறொன்று இருக்கும். எங்கள் கட்டடத்தில் பாசையூரைச் சேர்ந்த அம்மா ஒருவர் இருக்கிறார். எண்பது கடந்தவர். ஒன்றரை வருடமாகக் கோயில் பக்கமே போகவில்லை. மகன் கேட்டால் முழங்கால் நோ, மருமகள் கேட்டால் தலைச்சுற்று. கடைசியில் ஒருநாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்: "பிள்ளையள், தமிழ்ப்பூசை ஒண்டேகால் மணித்தியாலம். அந்தக் கோயில்ல ரொய்லெற் கீழ. பதினேழு படி. நான் எண்ணினனான்."

இவ்வளவுதான் விஷயம். இதை எந்தத் தாய் மகனிடம் சொல்வாள்? கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் படியில்லாத ரொய்லெற் ஒன்று இருந்தது. திறப்பு சக்கிடுத்தாரிடம். கேட்டதும் தந்தார். அடுத்த மாதம் அம்மா கடைசி வாங்கில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

எல்லோருடைய காரணமும் இதுவல்ல. சிலருக்கு இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கும் மகனை எழுப்ப மனமில்லை. சிலருக்கு முழந்தாளில் இருக்க முடியாமல் கதிரையில் இருந்து பூசை காண்பது மரியாதைக் குறைவு. பலருக்கு அந்த ரொலாட்டர். "அதைத் தள்ளிக்கொண்டு போனால் சனம் என்ன சொல்லும்?" சனம் இரண்டு நாள் பார்க்கும், பிறகு தன் வேலையைப் பார்க்கும்.

"ரெலிவிசனில பூசை பாருங்கோவன்" என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். படுக்கையில் இருப்பவருக்கு அது நல்லதுதான். செட்.டி.எப். தொலைக்காட்சியில் ஞாயிறு காலை 9.30க்கு ஒரு வாரம் கத்தோலிக்க வழிபாடு, ஒரு வாரம் புரொட்டஸ்தாந்து வழிபாடு என்று மாறி மாறி வருகிறது. தமிழ்ப் பூசையும் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். ஆனால் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒருவரை ரெலிவிசனுக்கு முன்னால் இருத்திவிட்டு நாங்கள் மட்டும் உடுத்துக்கொண்டு புறப்படுவது வேறு விஷயம். பூசை முடிந்து கோயில் வாசலில் "எப்பிடி அக்கா சுகம்?" என்று கேட்பதை எந்த ரெலிவிசனும் காட்டாது. நன்மை வாங்குவதும் அப்படித்தான். திரையைப் பார்த்து நாக்கை நீட்ட முடியாது.

வேதாகமத்தில் நடக்க மாட்டாதவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எங்கள் செபக்கூட்டத்தில் ஒருமுறை தேடிப் பார்த்தோம். எல்லோருக்கும் முதலில் நினைவு வந்தது மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தின் திமிர்வாதக்காரன். நாலு பேர் தூக்கி வந்தார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அங்கே இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் செபித்தானா, முறுமுறுத்தானா, "என்னை விடுங்கோடா" என்று கத்தினானா, ஒன்றும் எழுதப்படவில்லை. இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் இருந்த முதியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "நான் எண்டால் கத்தியிருப்பன்" என்றார்.

யாத்திராகமம் 17இல் மோசேயும் அப்படித்தான். கை தளர்ந்து போக, ஒரு கல்லை எடுத்துப் போட்டு அவரை இருத்தி, ஆரோன் ஒரு பக்கமும் கூர் ஒரு பக்கமுமாகப் பொழுது படும்வரை கையைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்தக் கல்தான் இன்றைய கதிரை. முழந்தாளில் நிற்க முடியவில்லையே என்று அழுகிற அம்மாமாருக்கு நாங்கள் இதைத்தான் சொல்லுவது. யாக்கோபு தள்ளாத வயதில் தன் கோலின் மேல் சாய்ந்துகொண்டு ஆராதித்தார் என்று எபிரேயர் நிருபம் சொல்லுகிறது. கோல் பிடித்தவர்கள் எல்லோரும் அவருடைய கட்சி.

பர்சில்லாய் என்பவரின் கதையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சாமுவேல் இரண்டாம் ஆகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எண்பது வயது. தாவீது அரசர் தன்னோடு யெருசலேமுக்கு வரும்படி கேட்கிறார். இவர் மறுக்கிறார். சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாடுவது காதில் கேட்கவில்லை, உமக்கு ஏன் பாரமாக வரவேண்டும், என் தாய் தகப்பனின் கல்லறை இருக்கும் ஊரிலேயே சாகவிடும் என்கிறார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதை யாரோ ஒளிந்திருந்து கேட்டு எழுதியது போல இருக்கிறது. அவருக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது. எங்கள் பலருக்குக் கல்லறை எங்கே இருந்தது என்று காட்டவும் அடையாளம் இல்லை. தாவீது அவரோடு வாதாடவில்லை, முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். "ஊரில சாகவேணும்" என்று மாமி சொன்னால் உடனே "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று வாயை அடைக்காமல், ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 தையில் கொழும்புக்கு வந்து யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதற்கு முதல் வருடம்தான் அவர் விழுந்து இடுப்பு எலும்புக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தார். பிறகு பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, முகம் இறுகியது, பேச்சும் குழறியது. அவர் ஒளிக்கவில்லை. 2004 ஆவணியில் லூர்து நகருக்குப் போனார். அதுவே அவருடைய கடைசி வெளிநாட்டுப் பயணம். 2005 உயிர்த்த ஞாயிறன்று யன்னலில் நின்று பேச முயன்றும் குரல் வரவில்லை. ஒரு வாரத்துக்குள், 2005 ஏப்ரல் 2இல், 84 வயதில் இறந்தார். 2015 தையில் அதே யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக்கி, அன்றே மடுவுக்கும் வந்துபோன பாப்பரசர் பிரான்சிஸ், 2022 வைகாசி முதல் முழங்கால் நோவால் சில்லுக்கதிரையில் வெளியே வந்தார். 2025 ஏப்ரலில் இறக்கும்வரை அதில் வர அவர் வெட்கப்படவில்லை. ரொலாட்டருக்கு வெட்கப்படும் மாமிமாருக்கு இந்த இரண்டு பேரின் படத்தையும் காட்டலாம்.

திருச்சபையின் ஒழுங்குகள் எங்கள் பெரியவர்கள் நினைப்பதைவிட இளகியவை. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின்படி ஒருசந்திக் கடமை 59 வயது நிறைந்தவர்களைக் கட்டாது. சுத்தபோசனத்துக்கு அந்த வயதெல்லை இல்லை. ஆனால் நோயாளிக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. நீரிழிவுக் குளிசை போட்டுக்கொண்டு பெரிய வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். நன்மை வாங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்து சாப்பிடக்கூடாது என்ற ஒழுங்கும் முதியோரையும் நோயாளரையும் கட்டாது. அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அதே விலக்கு. ஞாயிற்றுக்கிழமை வர முடியாதவருக்குப் பாவமில்லை. பங்குக் காரியாலயத்துக்கு ரெலிபோன் எடுத்து, வீட்டுக்கு நன்மை கொண்டுவரும்படி கேளுங்கள். ஜேர்மன் பங்குகள் பலவற்றில் மாத முதல் வெள்ளிக்கிழமைகளில் இப்படிக் கொண்டுபோவார்கள். நாங்கள் கேட்காவிட்டால் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ் அம்மா இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபைக் குடும்பங்களும் திருவிருந்துக்கு உங்கள் போதகரிடம் இதேபோலக் கேட்கலாம்.

நோயில் பூசுதலைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் இதை அவஸ்தை பூசுதல் என்றோம். சுவாமியார் எண்ணெயோடு படலையைத் திறந்தால் அழத் தொடங்கிவிடுவார்கள், ஆள் முடிந்தது என்று. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல இது என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 1972இல் சடங்கையும் புதுப்பித்தார்கள். ஆபத்தான நோய் இல்லாவிட்டாலும், முதுமையால் மிகவும் தளர்ந்தவர்கள் பெறலாம். சத்திரசிகிச்சைக்கு முன் பெறலாம். மறுபடியும் பெறலாம். யாகப்பர் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் சொல்லப்படுவதும் நோயாளிக்காகச் செபிப்பதுதான். மாமிக்கு இதை முன்கூட்டியே விளங்கப்படுத்தாமல் சுவாமியாரைக் கூட்டிவந்து நின்றால், பயத்திலேயே அவவுக்கு ஏதாவது ஆகிவிடும்.

இனி இந்த நாட்டு அலுவல்கள். விசுவாசப் பக்கத்தில் இதெல்லாம் ஏன் என்று சிலர் கேட்பீர்கள். கூரையைப் பிரித்தவர்களுக்கும் கயிறும் ஏணியும் தேவைப்பட்டிருக்கும்.

ரொலாட்டரை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஐனா விபால்க் என்ற பெண். இளம் வயதில் போலியோவால் நடை பாதிக்கப்பட்டவர். 1978இல் இதைச் செய்தார். நடக்க மாட்டாத ஒருவர் நடக்க மாட்டாதவர்களுக்காக யோசித்துச் செய்த பொருள். குடும்ப வைத்தியர் எழுதித் தந்தால் கிராங்கன்காசே தரும், நீங்கள் கட்டுவது கூடியது 10 யூரோ. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரத்துக்குக் கைபிடி வரவேண்டும். தூரத் தள்ளிவிட்டுக் குனிந்து போகக்கூடாது, உடம்பு இரண்டு சில்லுக்கும் நடுவில் வரவேண்டும். இருக்கும் முன் பிறேக் போட்டு இறுக்கவேண்டும். விழுகிறவர்களில் பலர் நடக்கும்போது விழுவதில்லை, பிறேக் போடாமல் அதில் இருக்கப்போய்த்தான் விழுகிறார்கள்.

பிளேகெகிராட் என்னும் பராமரிப்புத் தரத்துக்கு விண்ணப்பிக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017 முதல் ஐந்து தரங்கள். கிராங்கன்காசேயோடு சேர்ந்த பிளேகெகாசேக்கு ஒரு கடிதம் போதும். மருத்துவச் சேவையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் மாமி நல்ல சீலை உடுத்து, கேக் வெட்டி வைத்து, "எல்லாம் நானே செய்யிறன்" என்பா. பொய் சொல்லச் சொல்லவில்லை, கெட்ட நாட்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறோம். நடை எப்படி என்பதற்கு மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, ரொய்லெற் போவது ஆகியவற்றுக்கு நாற்பது. எமது பெண்கள் வாய் திறக்காத விஷயங்களே இவை. ஆகவே மகளோ மருமகளோ கட்டாயம் பக்கத்தில் இருங்கள். வீட்டில் நீங்களே பராமரித்தால் 2025 முதல் இரண்டாம் தரத்துக்கு மாதம் 347 யூரோ, மூன்றாம் தரத்துக்கு 599 யூரோ. குளியலறையை மாற்ற 4180 யூரோ வரை பெறலாம், ஆனால் வேலை தொடங்கும் முன் அனுமதி எடுங்கள். கடந்த பத்து வருடத்தில் இரண்டு வருடமாவது இந்தக் காப்புறுதியில் இருந்திருக்கவேண்டும். அது இல்லாத, புதிதாக வந்த பெரியவர்கள் சமூக உதவி அலுவலகத்தில் கேட்கவேண்டும். கறிற்றாஸ், டியாக்கோனி ஆலோசனை நிலையங்களில் படிவம் நிரப்பவும் உதவுவார்கள்.

தூக்குவது பற்றியும் சொல்லவேண்டும். தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் நாளே காட்டித் தந்தார்கள்: பாரத்தை உடம்போடு அணை, முழங்காலை மடி, முதுகை வளைக்காதே, தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதே. பெட்டிக்குச் சொன்னது மாமிக்கும் பொருந்தும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். சில்லுக்கதிரையோடு படி இறக்கும்போது ஒருவர் பின்னால் கைபிடியில், ஒருவர் முன்னால் சட்டத்தில். கழன்று வரும் கால்தட்டைப் பிடித்துத் தூக்கி, கால்தட்டு கையில் நிற்க ஆள் கீழே போனதும் உண்டு.

மடுவைப் பற்றி ஒரு விஷயம். மடு மாதா தானாக நடந்து மடுவுக்குப் போகவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். 2008 சித்திரையில் ஷெல்லடிக்குள் சுரூபத்தை மறுபடியும் தேவன்பிட்டிக்குத் தூக்கிப்போய், அந்த ஆவணியில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாதாவே தூக்கித்தான் செல்லப்பட்டா. இதைச் சொன்னதும் பாசையூர் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என்னைத் தூக்கிறதிலயும் பிழையில்லைத்தான்" என்றா.

மடுவுக்குப் போக முடியாத எமக்கு இங்கே கேவெலார் இருக்கிறது. ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்துச் சின்னப் பட்டணம். 1642 முதல் யாத்திரைத் தலம். அங்கே இருப்பது பெரிய சுரூபமல்ல, உள்ளங்கை அளவு கடதாசியில் அச்சடித்த ஒரு மாதா படம். துன்பப்படுவோரின் ஆறுதல் என்று பெயர். ஆண்டுதோறும் ஆவணியில் எமது சனம் ஆயிரக்கணக்கில் கூடுகிறது, சைவக் குடும்பங்களும் வருகிறார்கள். இயலாதோர் அடையாள அட்டையில் "பி" எழுத்து உள்ளவருக்குத் துணையாகப் போகிறவருக்கு ரெயிலில் ரிக்கற் இல்லை. வெயிலுக்குத் தொப்பி, போத்தலில் தண்ணீர், மருந்துப் பெட்டி. போனவுடன் ரொய்லெற் எங்கே என்று பார்த்து வையுங்கள்.

கடைசியாக, எல்லா நாளும் மாமி செபிப்பா என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாட்களில் செபமாலையைத் தூக்கி எறிவா. "எண்பது வருசம் கும்பிட்டு என்ன கண்டன்?" என்பா. அதற்கு வேதவசனம் சொல்லப் போகாதீர்கள். சங்கீதங்களில் பாதி இப்படி ஆண்டவரிடம் முறையிட்டவர்கள் பாடியவைதான். தைலத்தை எடுத்து முழங்காலில் பூசிவிடுங்கள், அன்றைக்கு அது போதும். மறதி நோய் வந்தவர்களில் சிலர் பேரப்பிள்ளையின் பெயரை மறந்த பிறகும் அருள்நிறை மந்திரத்தைத் தடக்கமில்லாமல் சொல்கிறார்கள். நீங்கள் முதல் பாதியைத் தொடங்குங்கள், மற்றப் பாதி அவர்கள் வாயில் வரும்.

எங்கள் பகுதியில் திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு, வெளியே வர முடியாதவர்கள் சேர்ந்து ரெலிபோனில் செபமாலை சொல்கிறார்கள். இப்போது ஒன்பது பேர். யார் யாருக்காகச் செபிக்கவேண்டும் என்ற கொப்பி பாசையூர் அம்மாவிடம் இருக்கிறது. வதிவிட அனுமதிக்குக் காத்திருப்பவர், வேலை தேடுபவர், பிள்ளை பெற இருப்பவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். புதிதாக வந்த குடும்பங்கள் பெயர் கொடுக்க விரும்பினால் எங்களிடம் சொல்லுங்கள், அம்மா எழுதிக்கொள்ளுவா. கேவெலாருக்கு இம்முறை இரண்டு சில்லுக்கதிரையும் நாலு ரொலாட்டரும் வருகின்றன. பின்னால் இடமுள்ள பெரிய வாகனம் வைத்திருப்பவர்களும், ஒருநாள் தள்ளிக்கொண்டு போகக்கூடிய பொடியன்களும் ஆனி முடிவதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.